ஆற்றைப் படம் பிடிக்கப் போனோம்

வைகைக் கரையில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால், "எங்கே, அந்த வைகையைப் படம் பிடித்துக் காட்டு பார்க்கலாம்" என்று யாராவது கேட்டுவிட்டால் கொஞ்சம் தயக்கமும் உண்டு. பரமக்குடிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பரிபாடலில் வையைக்கென்றே தனிப் பாடல்கள் இருப்பதாகத் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் சொல்லும்போது பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். அது பரிபாடலைப் பார்த்துச் சிரித்ததன்று. சித்திரையில் சுந்தரராசப் பெருமாள் கள்ளழகராக எழுந்தருளி ஆற்றில் இறங்கும் நாளில் ஊரே ஆற்றுக்குள் இருக்கும்; ஆறுதான் பல ஆண்டுகளில் இருக்காது.

ஆண்டு மலரின் அட்டைக்கு வைகைப் படம் ஒன்று போடலாம் என்று பேச்சு வந்தபோது நான் கைதூக்கினேன். காரணம், பரமக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் தாய்மாமன். கல்யாணம் இல்லாத ஆடி மாதத்தில் அவருடைய நிக்கான் காமிரா பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. புவியியல் துறை நண்பன் ஒருவனும், பொருளியல் நண்பன் ஒருவனும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளூரில் எடுத்தால் மணலும் கருவேலமும்தான் விழும்; ஆற்றில் தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்துப் போவோம் என்று முடிவாயிற்று. ஆடி மாதத்தில் வைகைச் சீமையில் தண்ணீர் ஓடும் இடம் என்றால் தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும்தான். ஒரு சனி, ஒரு ஞாயிறு. தலைக்கு எண்ணூறு ரூபாய். பொருளியல் நண்பன்தான் நிதியமைச்சர்.

மாமா காமிராவைக் கழுத்தில் மாட்டிவிட்டு இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒன்று, வாரைக் கழுத்தை விட்டுக் கழற்றாதே. மற்றொன்று, "தண்ணிய எடுக்கும்போது காமிரா சொல்றத நம்பிராதே மாப்ளே. கொஞ்சத் தண்ணிய நெறையாக் காட்டும்." இரண்டாவதன் பொருள் எனக்கு அன்று புரியவில்லை.

மதுரையிலிருந்து தேனிக்கு ரயிலில் போனோம். போடி வரை இருந்த பழைய மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதை வேலைக்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 சூனிலும் மறுபடி வண்டி ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டு ரயிலையே பார்க்காமல் இருந்ததாலோ என்னவோ, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இன்னமும் தண்டவாளத்தின் ஓரம் நின்று கையாட்டுகிறார்கள். உசிலம்பட்டி கடந்து ஆண்டிப்பட்டிக் கணவாயில் வண்டி வளைந்து ஏறி இறங்கும்போது நிலம் மாறுகிறது. அதுவரை நம் ஊரைப் போன்ற செம்மண்ணும் பனையும். அதன்பின் எத்திசை நோக்கினும் மலை.

தேனி நகரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடைகள், பருத்தி, ஏலக்காய் வணிகம், நெரிசல். ஆனால் அந்த ஊரின் எந்தத் தெருமுனையில் நின்றாலும் தெருவின் கடைசியில் ஒரு மலை நிற்கிறது. பழனிசெட்டிபட்டித் தடுப்பணையில்தான் முதல் படம் எடுத்தேன். தண்ணீர் வழிந்தோடிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஓடும் ஆற்றைக் கண்டு மலைத்து நிற்பது அந்த ஊர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "என்ன தம்பி, எதையும் ஆத்துல போட்டுட்டீகளா?" என்று கேட்டார்.

அங்கேதான் மாமாவின் எச்சரிக்கை புரிந்தது. ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி திறந்து எடுத்தால், வழிகிற நீர் கண்ணாடிச் சில்லுகளாகச் சிதறி நிற்கிறது. அதையே கால் நொடி திறந்து வைத்து, கை ஆடாமல் எடுத்தால், நீர் பாலாகி விடுகிறது. காமிராவைத் தரையோடு வைத்து அகலக் கோண லென்சில் எடுத்தால் முழங்காலளவுத் தண்ணீர் கடலாகி விடுகிறது. மூன்றும் ஒரே இடம், ஒரே நேரம். மூன்றையும் திரையில் காட்டியபோது பொருளியல் நண்பன் கடலைத்தான் தேர்ந்தெடுத்தான். "அட்டைக்கு இதுதான்டா" என்றான். புவியியல் நண்பனோ, "இது வைகையே இல்லையே" என்றான்.

அவன் சொன்னது உண்மை. தேனியை ஒட்டி ஓடுவது முல்லைப்பெரியாறு. போடி மலையிலிருந்து கொட்டக்குடி ஆறு வருகிறது. வருசநாட்டு மலையில் பிறந்து வருவதுதான் வைகை. மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்ட அதை அங்கே 'மூல வைகை' என்கிறார்கள். தேனிக்குக் கிழக்கே இவையெல்லாம் ஒன்றாகி வைகை அணைக்குப் போகின்றன. பெயர் வைகையுடையது, ஆண்டின் பெரும் பகுதி தண்ணீர் முல்லைப்பெரியாற்றுடையது. "அப்படியானால் எதை எடுத்து வைகை என்று போடுவது?" என்று கேட்டேன். அன்று மாலை வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் படித்துறையில் தொடங்கிய இந்த வாதம் கம்பத்தில் விடுதி அறையில் இரவு பதினொன்றரை வரை நடந்தது. பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டிய பிறகு நிறுத்தினோம்.

மறுநாள் விடியுமுன் லோயர்கேம்ப் பேருந்தில் ஏறினோம். கம்பம் பள்ளத்தாக்கில் படம் எடுக்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு செய்தி சொல்லி வைக்கிறேன். மேற்கே ஏலமலைத் தொடர். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். ஆகவே சூரியன் மலையேறி வர நேரமாகிறது. மாலையில் சீக்கிரம் மலைக்குப் பின்னே போய்விடுகிறது. காலண்டரில் போட்டிருக்கும் உதய நேரத்தை நம்பி முக்காலியை நட்டால் குளிரில் நிற்க வேண்டியதுதான். ஆடிக் காற்று வேறு. பள்ளத்தாக்கின் நெடுகிலும் அது தென்னைகளை ஒரு பக்கமாகச் சீவிவிட்டுக்கொண்டே இருக்கிறது. முக்காலியின் கொக்கியில் என் துணிப்பையில் இரண்டு கல்லைப் போட்டுத் தொங்கவிட்ட பிறகே காமிரா ஆடாமல் நின்றது. ஆனால் வெயில் வந்து விழும் அந்த முதல் பத்து நிமிடம், சொன்னால் நம்பமாட்டீர்கள், மலையின் நிழல் வயலை விட்டு ஒரு போர்வையை உருவுவது போல் விலகுகிறது. அதை நான் எடுத்த படம் ஒன்றுகூட அப்படி இல்லை.

லோயர்கேம்பில் மலைச்சரிவில் நான்கு இராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. அடியில் பெரியாறு மின் நிலையம். சாலையில் நின்று தூரத்திலிருந்து பார்த்தோம். மின் நிலையத்துக்குக் கொள்ளாத தண்ணீர் குமுளி மலைப்பாதையில் உள்ள இரைச்சல் பாலம் வழியே இறங்குமாம். பெயர் வைத்தவர் யாரோ, காதால் பார்த்து வைத்திருக்கிறார்.

எங்கள் துறை வரலாறு என்பதால் இங்கே சிறிது விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மலைக்கு அப்பால் மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றை மறித்து அணை கட்டி, மலையை ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். திருவிதாங்கூர் மன்னருக்கும் சென்னை மாகாண அரசுக்கும் 1886-இல் ஒப்பந்தம்; 1887-இல் வேலை தொடக்கம்; 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்து வைத்தார். பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுயிக். இந்தப் பக்கம் இறங்கும் நீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கூடி, வைகைக்குப் போகிறது. அந்தப் பழைய பெயர்கள் பின்னுக்குப் போய், இன்று ஆறு முழுவதற்கும் முல்லைப்பெரியாறு என்பதே வழக்கு.

இதில் நம்மவர்கள் பலரும் அறியாத ஒரு பகுதி உண்டு. இந்த எண்ணம் வெள்ளைக்காரர்களுக்குத் தோன்றுவதற்கு முன்பே நம் சேதுசீமையில் தோன்றியது. 1789-இல் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை, பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர விவரமறிந்த பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பினார். முடியும் என்று தெரிந்தது. செலவுக்குப் பணம் இல்லை. அத்தோடு நின்றது. கடைமடைக்காரனுக்குத்தான் தலைமடையைப் பற்றிய நினைப்பு முதலில் வரும் போலும்.

லோயர்கேம்பில் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் இருக்கிறது. 2013 சனவரி 15-இல், அவர் பிறந்த நாளில், திறக்கப்பட்டது. தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயரே. பாலார்பட்டியில் ஆண்டுதோறும் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் என் மனத்தில் பதிந்தது மண்டபத்துச் சிலையன்று. கூடலூர்ப் பக்கம் தேநீர் குடிக்க ஒதுங்கிய கடையில், முருகனுக்கும் கடைக்காரரின் காலஞ்சென்ற தந்தைக்கும் நடுவே, மீசையோடு பென்னிகுயிக். மூன்று படத்துக்கும் ஒரே கதம்பம், துண்டு துண்டாக நறுக்கிப் போட்டது. சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று கடைக்காரர் சொன்னார். அந்த வட்டாரம் முழுவதும் சொல்லும் கதை அது. அணை அரசுப் பணத்தில் எழுந்தது என்பதே ஆவணங்கள் தரும் செய்தி. வரலாற்று மாணவன் என்ற முறையில் இதைச் சொல்ல வாயெடுத்தேன். நண்பன் என் காலை மிதித்தான். நல்லதாகப் போயிற்று. ஒருவரைத் தகப்பனாருக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பவரிடம் போய் வரவு செலவுக் கணக்குப் பேசுவது முறையன்று.

அந்தக் கடையில் காலைப் பத்திரிகை வந்ததும் எல்லோரும் முதலில் பார்த்தது அணையின் நீர்மட்டம். 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட மட்டத்தை, 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது. இந்த எண்களை அங்கே சிறுவர்கள்கூட மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அணையைக் கட்டும் காலத்தில் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட கூலியாட்கள் பலர். அவர்களுக்குப் படம் ஏது? முத்திருளப்ப பிள்ளைக்கும் அந்தச் சுவரில் இடமில்லை. கடைக்காரரிடம் அவர் கதையைச் சொன்னேன். "அப்படியா தம்பி? போட்டோ இருந்தா அனுப்புங்க, மாட்டிருவோம்" என்றார், விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடைக்கு எதிரே வயல். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. சூனில் தண்ணீர் திறந்து, நாற்று விட்டு, ஆடியில் முதல்போக நடவு. தொழியடித்துத் தண்ணீர் கட்டிய வயலில் மேற்கு மலை தலைகீழாகக் கிடந்தது. அதன்மேல் நாற்றுமுடிகள் இறைந்து கிடந்தன. ஆறு பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர, மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைக்குள் மறைந்துகொண்டிருந்தது. அட்டைப்படம் எனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

வரப்பில் நின்று, "அக்கா, ஒரு படம் எடுத்துக்கிடவா?" என்று கேட்டேன். வரிசையின் ஓரத்தில் இருந்த மூத்தவர் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்தார்.

"எடுத்துக்கய்யா. நடவு வந்துட்டா யாராச்சும் எடுக்க வந்துருவாக. எடுத்து, போன்ல காட்டுவாக, நாங்க சிரிப்போம், போயிருவாக. கையில ஒண்ணும் தங்குனதில்லை."

"நான் அனுப்பி வைக்கிறேன்மா."

"எல்லாரும் அதத்தான் சொல்லுவாக" என்று பக்கத்தில் இருந்தவர் சொல்ல, வரிசை முழுதும் சிரித்தது. அந்தச் சிரிப்பை எடுத்தேன். குனிந்த முதுகுகளை எடுப்பதைவிட அது எனக்குப் பிடித்திருந்தது. வயலில் வேலை செய்வோரைப் படம் எடுப்பவர்கள் அனேகமாக முதுகையும் கூடைத் தொப்பியையுமே எடுக்கிறார்கள். கண்காட்சிகளில் பரிசு பெறுபவையும் அவைதான். முகம் தெரிந்தால் அந்த முகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதாலோ?

"எந்த ஊருய்யா?" என்று மூத்தவர் கேட்டார்.

"பரமக்குடி."

"அங்கிட்டு நடவு முடிஞ்சுருச்சா?"

மூவரும் விழித்தோம். எங்கள் பக்கம் பெரும்பாலும் நடவே கிடையாது. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது என்று நான்தான் சொன்னேன். கண்மாய் நிறைந்தால் நெல், இல்லையென்றால் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு காலடித் தண்ணீரைக் காட்டி, "இந்தத் தண்ணிதான ஒங்க ஊருக்கு வருது?" என்றார்.

"வந்தா வரும்மா" என்றான் புவியியல் நண்பன்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஆறு வைகை அணையில் தேங்கி, மதுரைப் பக்கத்துக் கால்வாய்களுக்கும் குடிநீருக்கும் போய், பிறகு முறை வைத்துத் திறக்கும்போது விரகனூர் மதகணை தாண்டி, பார்த்திபனூர் மதகணை தாண்டி, இராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை வர வேண்டும். காகிதத்தில் நம்முடையது 'பூர்வீகப் பாசனம்'. முதலில் நனைந்த நிலம் என்ற உரிமை பெயரில் இருக்கிறது; தண்ணீர் கடைசியில் வருகிறது. அங்கே நின்றபோது எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த அம்மாளின் கால் விரலிடுக்குகள் சேற்றில் வெளுத்து வெடித்திருந்ததையும் பார்த்தேன். தண்ணீர் இருக்கும் ஊரிலும் வயல் வேறு யாருடையதோ. அவர்கள் நாள் கூலிக்கு நடுகிறவர்கள்.

சுருளி அருவிக்கும் போனோம். கூட்டம். எல்லோரும் எடுக்கும் படத்தை நாங்களும் எடுத்தோம். வரும் வழியில் சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்து பார்த்தது அதைவிட நன்றாக இருந்தது. மேலே இலைக் கூரை, தலையை உரசும் கருங்குலைகள், கீழே பொட்டுப் பொட்டாக வெயில். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தோட்டத்துப் பெரியவர் ஒரு குலை அறுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நிதியமைச்சருக்கு அந்த இரண்டு நாளில் மகிழ்ச்சியான நேரம் அதுதான்.

ஞாயிறு மாலை தேனி திரும்பி, ஓர் ஆட்டோ பிடித்துக் குன்னூர்ப் பக்கம் போனோம். ஆட்டோக்காரர் காட்டிய வழியில் கரைக்கு இறங்கினோம். நாங்கள் போன அன்று மூல வைகை நம் வைகையைப் போலவே கிடந்தது. வெண்மணல், நடுவில் ஆட்டுக்குட்டிகள். இந்தப் பக்கம் முல்லைப்பெரியாறு பழுப்பு நிறத்தில் வந்து அந்த மணலை நனைத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. இங்கே, இந்த ஈரக் கோட்டில், ஆறு தன் பெயரை மாற்றிக்கொள்கிறது. மூவரும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். அகலக் கோண லென்சைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரண லென்சில், நின்ற உயரத்திலேயே எடுத்தேன். பாதி மணல், பாதி தண்ணீர். பால் இல்லை, கடல் இல்லை.

வாதம் பேருந்திலும் ஓயவில்லை. மலரைப் பார்க்கும் புதுமுக மாணவனுக்கு ஒரு நிறைந்த ஆறாவது கண்ணில் படட்டுமே என்பது பொருளியல் நண்பனின் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. படத்தில் பார்த்தாலாவது இப்படி ஒன்று இருந்தது, இருக்க வேண்டும் என்ற எண்ணம் வரும் என்றான். கடல்போல் தெரியும் படத்தின் கீழ் 'வைகை' என்று அச்சிட்டால் அது நம் ஊருக்கு இல்லாத ஆற்றை இருப்பதாகச் சொல்வதாகும் என்பது என் கட்சி. பார்த்திபனூர் மதகில் நிற்கும் விவசாயி அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? புவியியல் நண்பன் ஆண்டிப்பட்டியிலேயே தூங்கிவிட்டான். மலர்க்குழுவிடம் குன்னூர்ப் படத்தையே கொடுத்திருக்கிறேன். 'முல்லைப்பெரியாறு வைகையில் சேரும் இடம்' என்று இடப்பெயரோடு போடும்படி எழுதியும் கொடுத்திருக்கிறேன். அட்டையில் வருமா, உள்ளே வருமா என்பது அவர்கள் கையில்.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படம். மாமா கணினியில் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். வயலும் மலையும் வந்தபோது நிற்கவில்லை. ஆறு பெண்கள் சிரிக்கும் படத்தில் நின்றார். "இதுல ஆறு பிரிண்ட் போடணும்" என்றேன். அவரே போட்டுக் கொடுத்தார், காசு கேட்கவில்லை. அட்டை வைத்துக் கட்டி, தேநீர்க் கடை முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

எட்டாம் நாள் கடைக்காரர் தொலைபேசியில் பேசினார். படம் வந்துவிட்டதாம், எல்லோரும் வாங்கிக்கொண்டார்களாம். ஆனால் வரிசையில் ஏழாவதாக ஒருவர் இருந்திருக்கிறார்; நாற்றுமுடி எடுக்கக் கரைக்குப் போயிருந்த நேரத்தில் நான் எடுத்துவிட்டேன். அவர் கோபமாக இருக்கிறாராம்.

"ரெண்டாம் போக நடவுக்கு வருவீகளா தம்பி?" என்று கேட்டார்.